மதிலும் மாந்தரும்: காலிக் கோட்டை மரபுரிமை வலயமான வரலாறு

ஒரு பழைய கட்டடத்தைப் பாதுகாப்பதும் ஒரு பழைய ஊரைப் பாதுகாப்பதும் வேறு வேறான செயல்கள். தாதுகோபமொன்றையோ கோவிலொன்றையோ அரண்மனை இடிபாடொன்றையோ அரசு தன் பொறுப்பில் ஏற்கும்போது, அதனைச் சூழ வேலியிட்டு, காவலாளரை நியமித்து, அறிவிப்புப் பலகை நாட்டினால் காரியம் பெரும்பாலும் நிறைவேறிவிடும். ஊரின் நிலை அத்தகையதன்று. அங்கு வீடுகளுக்கு உடைமையாளர் உளர். வாடகைக்குக் குடியிருப்போர் உளர். கடை நடத்துவோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் தொழுகைக்குச் செல்வோரும் உளர். அவ்வூரின் ஒரு பகுதிக்கு எல்லையிட்டு, அதனுள் எவரும் தாம் எண்ணியவாறு இடிக்கவோ கட்டவோ கூடாது எனச் சட்டம் விதிக்கும்போது, அச்சட்டம் கல்லையும் மரத்தையும் மட்டுமன்றி அவற்றுக்கும் மனிதருக்கும் இடையேயுள்ள உறவையும் தொடுகின்றது.

சிறு நகரொன்றின் நடுப்பகுதியை இவ்வாறு எல்லையிட்டுப் பேணும் முறையை மரபுரிமை வலயமாக்கல் எனலாம். இலங்கையில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது காலிக் கோட்டை. அக்கோட்டை நகர் எவ்வாறு உருவாயிற்று, எக்காரணங்களால் அழியாது எஞ்சிற்று, எச்சட்டங்களால் காக்கப்படலாயிற்று, காக்கப்பட்டபின் அங்கு வாழ்ந்த மக்களுக்கு யாது நேர்ந்தது ஆகிய நான்கு வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. முதல் மூன்றுக்குமான விடைகள் நான்காவதை விளக்குவதற்கே இங்கு வேண்டப்படுகின்றன.

1. வலயம் என்னும் கருத்து

தனிச் சின்னத்தினின்று வலயத்துக்கு நகர்ந்த சிந்தனை இருபதாம் நூற்றாண்டுக்குரியது. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ள்ஸ்ரன் நகரம் 1931ஆம் ஆண்டில் இயற்றிய வலய விதி இத்துறையில் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. 1920களில் அந்நகரின் பழைய மாளிகைகள் இரு வகையில் அழிந்துகொண்டிருந்தன. மோட்டார் வாகனங்கள் பெருகவே, பெற்றோல் நிலையங்களுக்கு இடம் தேடிப் பழைய மனைகள் இடிக்கப்பட்டன. வேறு சில வீடுகளின் உள்மர வேலைப்பாடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு நூதனசாலைகளுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் விற்கப்பட்டன. இதனைத் தடுக்கும் நோக்குடன் பழைய நகர்ப்பகுதிக்கு எல்லை வகுக்கப்பட்டது. அதனுள் கட்டடங்களின் புறத்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் ஒரு மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலைப் பெறல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் நியூ ஓர்லியன்ஸ் நகரின் பழைய பிரெஞ்சுப் பகுதியும் இத்தகைய பாதுகாப்பைப் பெற்றது. பின்னர் அமெரிக்காவின் எண்ணற்ற சிற்றூர்கள் தத்தம் கடைவீதிகளுக்கும் சதுக்கங்களுக்கும் இவ்விதியைத் தழுவிக்கொண்டன.

அமெரிக்க அனுபவத்தில் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பேணற் சட்டத்தின்கீழ் ஒரு பகுதி தேசியப் பதிவேட்டில் இடம்பெறுதல் பெருமைக்குரியதாயினும், தனியார் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் தம் கட்டடத்தை இடிப்பதை அப்பதிவு மட்டும் தடுப்பதில்லை. தடுக்கும் வலிமை ஊராட்சி இயற்றும் உள்ளூர் விதிக்கே உண்டு. அதாவது, பெயரளவிலான சிறப்பை மேலிடம் வழங்குகிறது. உடைமையுரிமையின் மீதான கட்டுப்பாட்டை அயலவர்களே தமக்குள் விதித்துக்கொள்கின்றனர். நியூயோர்க் நகரின் கிராண்ட் சென்றல் புகையிரத நிலையம் பற்றிய வழக்கில், இத்தகைய கட்டுப்பாடு சட்டத்துக்கு உடன்பாடானதே என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது.

ஐரோப்பாவில் பிரான்ஸ் 1962ஆம் ஆண்டில், அந்நாளைய பண்பாட்டு அமைச்சர் அந்திரே மல்ரோவின் பெயரால் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோர்தோன் பகுதியிலுள்ள சார்லா என்னும் சிறு நகரம் அச்சட்டத்தால் முதலிற் பயன்பெற்றவற்றுள் ஒன்று. பிரித்தானியாவில் 1967ஆம் ஆண்டின் சட்டமொன்று பேணற் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிகளுக்கு அளித்தது. லிங்கன்சயரின் ஸ்ரம்போர்ட் என்னும் சிறு நகரம் அவ்வாண்டிலேயே முதலாவது பேணற் பகுதியாயிற்று.

இவ்வனைத்திலும் ஒரு பொது இயல்பு காணப்படுகின்றது. விதிகள் கூரையின் சாய்வு, சாளரத்தின் அளவு, சுவரின் வண்ணம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்தன. கூரையின்கீழ் வாழ்பவர் யார் என்பது அவற்றின் விசாரணைக்கு அப்பாற்பட்டிருந்தது. சார்ள்ஸ்ரனில் பழைய வீடுகள் சீர்செய்யப்பட்டு மதிப்பேறியபோது, அவற்றில் வாடகைக்கு வாழ்ந்த ஏழைக் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்தனர். பாரிஸ் நகரின் மாரே பகுதியில் மல்ரோ சட்டம் செயற்பட்டபோது, சிறு கைவினைஞரும் தொழிலாளரும் இருந்த இடத்தை வசதி படைத்தோர் நிரப்பினர். காலிக் கோட்டையின் வரலாற்றை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

2. கோட்டை நகரின் உருவாக்கம்

காலித் துறைமுகம் ஐரோப்பியரால் தோற்றுவிக்கப்பட்டதன்று. 1344இல் இலங்கைக்கு வந்த அராபியப் பயணியான இப்னு பதூதா இவ்வூரைக் காலி என்ற பெயராலேயே குறிப்பிடுகின்றார். 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இதனினும் பொருள் பொதிந்த சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரையும் தமிழ்ப் பகுதி தேவந்துறையிற் கோயில்கொண்ட தென்னாவர நாயனாரையும் பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபையும் போற்றுகின்றன. தென்கரைத் துறைமுகங்களில் வணிகம் செய்தோர் எம்மொழிகளைப் படித்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுவதில்லை. இன்று அக்கல் கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது.

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு அரண் அமைத்தனர். 1640ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதனைக் கைப்பற்றியது. 1660கள் தொடக்கம் ஒல்லாந்தர் முனையைச் சுற்றி மதில் எழுப்பினர். பதினான்கு கொத்தளங்களும் ஏறத்தாழ 52 ஹெக்ரேயர் பரப்பும் கொண்ட மதில்சூழ் நகரம் இவ்வாறு உருப்பெற்றது. பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டுடன் கம்பனியின் இலச்சினையும் சேவல் உருவமும் காணப்படுகின்றன. அதே வாயிலின் வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச இலச்சினை உள்ளது. ஒரு வாயிலின் இரு முகங்களும் இரு ஏகாதிபத்தியங்களுக்கு உரியனவாக அமைந்தமை, இந்நகரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகின்றது.

தெருக்களின் பெயர்களும் உழைப்பின் வரலாற்றைக் காட்டுவன. லெயின்பான் வீதியென்பது கயிறு திரிக்கும் நெடுங்களத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்தது. கப்பற் கயிறு திரித்த தொழிலாளர் அங்கு இருந்தனர். பெட்லர் வீதி சில்லறைப் பொருள்களைச் சுமந்து விற்ற வணிகரின் நினைவைத் தாங்கியுள்ளது. வைத்தியசாலை வீதியில் கம்பனியின் மருத்துவமனை இருந்தது. நிலத்தின்கீழ் அமைந்த கழிவுநீர்க் கால்வாய்களைக் கடல்நீரால் கழுவும் ஏற்பாடு அக்காலப் பொறியியலின் சிறந்த சாதனையாகும். திரைற்றன் கொத்தளத்தின் மீதிருந்த காற்றாலை கடல்நீரை இறைத்தது. முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்கள், வீதியை நோக்கிய மரத்தூண் திண்ணை, நடுவே திறந்த முற்றம், அரைவட்ட ஓட்டுக் கூரை ஆகியவை இணைந்த வீட்டமைப்பு ஐரோப்பியத் திட்டமும் உள்ளூர்க் கைவினைஞர் அறிவும் கலந்து பிறந்தது. 1755இல் நிறைவெய்திய ஒல்லாந்தத் தேவாலயம், பிரித்தானியர் காலத்துச் சகல புனிதர் ஆலயம், 1904இல் எழுந்த மீரான் ஜும்மாப் பள்ளிவாசல், சுதர்மாலய விகாரை ஆகியன சில நூறு யார் தூரத்துக்குள்ளேயே அமைந்துள்ளன.

ஏகாதிபத்தியம் கட்டிய நகரம் என்பதால் அதனை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையன்று. கட்டுவித்தவன் கம்பனியின் ஆளுநன். கட்டியவர் இந்நாட்டின் உழைப்பாளிகள். அவர்தம் பெயர்கள் வாயிலில் பொறிக்கப்படவில்லை என்பதே வரலாற்றாசிரியன் கவனிக்கவேண்டியது.

3. வீழ்ச்சி தந்த பாதுகாப்பு

1796இல் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறையாகக் காலி சிறப்புற்றது. ஐரோப்பாவினின்று கிழக்கு நோக்கிச் சென்ற பயணிகள் இங்கு கரையிறங்கினர். அவர்தம் வசதிக்காக 1860களில் கோட்டையுள் நியூ ஒரியன்ரல் ஹோட்டல் தோன்றியது. போக்குவரத்துப் பெருகவே 1873இல் சூரியக் கொத்தளத்துக்கும் சந்திரக் கொத்தளத்துக்கும் இடையே மதில் பிளக்கப்பட்டுப் புதிய வாயில் திறக்கப்பட்டது.

ஆயின், காலித் துறையின் பாறைகளும் தென்மேற்குப் பருவக்காற்றும் கப்பல்களுக்கு இடராயின. கோப்பி வணிகத்தின் தலைமையிடமாக வளர்ந்த கொழும்பில் 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் அது நிறைவெய்தியதும் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. காலியின் வணிகம் சில ஆண்டுகளிலேயே சுருங்கியது.

இவ்விடத்தில் இரு நகரங்களையும் ஒப்புநோக்குதல் பயனுடையது. கொழும்புக் கோட்டையின் மதில்கள் 1869இற்கும் 1871இற்கும் இடையில் இடித்துத் தள்ளப்பட்டன. வளர்ந்துவந்த முதலாளித்துவ வணிகத்துக்கு மதில் ஒரு தடை. மதில் நின்ற நிலமோ விலைமிக்க பொருள். காலியில் மதிலை இடிப்பதற்கான பொருளாதாரத் தூண்டுதல் அற்றுப்போயிற்று. புதிய கடைத்தெருவும் பேருந்து நிலையமும் புகையிரத நிலையமும் மதிலுக்கு வெளியே வளர்ந்தன. கோட்டைக்குள்ளே நீதிமன்றம், கச்சேரி, பாடசாலைகள், வழிபாட்டிடங்கள், குடிமனைகள் ஆகியன எஞ்சின. ஆகவே காலிக் கோட்டையை முதலிற் காப்பாற்றியது எந்தச் சட்டமுமன்று. மூலதனத்தின் அக்கறையின்மையே அதனைக் காப்பாற்றியது எனலாம்.

ஆனால் அக்கறையின்மை தானாகக் கூரை வேய்வதில்லை. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் அவ்வீடுகளை நிலைநிறுத்தியவர்கள் அங்கு வாழ்ந்த மக்களே. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே படிப்படியாகக் கொழும்புக்கும், 1956இன் பின்னர் பெருமளவில் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகள் பலவற்றை மாணிக்க வணிகத்திலும் சில்லறை வணிகத்திலும் ஈடுபட்ட முஸ்லிம்கள் வாங்கினர்; சிங்களக் குடும்பங்களும் குடியேறின. தமிழை இல்லமொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் இவ்வாறு கோட்டையின் பெரும்பகுதிக்கு உரியவராயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டையுள் எழுந்த அரபுக் கல்லூரி அச்சமூகத்தின் வேரூன்றலுக்குச் சான்று. மழைக்காலந்தோறும் ஓடு மாற்றி, உப்புக் காற்றில் உதிரும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, முற்றத்தைப் பெருக்கிய இம்மக்களின் அன்றாட உழைப்பே அந்நகரை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கொண்டுவந்து சேர்த்தது.

4. சட்டமும் நிறுவனமும்

இலங்கையில் தொல்பொருட் பாதுகாப்பின் அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமாகும். அது தொன்மையை வரையறுக்கையில், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட 1815 மார்ச் 2ஆம் நாளை எல்லையாகக் கொண்டது. அரச வமிசங்களின் தலைநகரங்களையும் விகாரைகளையும் மனத்திற் கொண்டு எழுந்த சட்டம் அது. காலியின் மதிலும் ஒல்லாந்தக் கட்டடங்களும் அவ்வெல்லைக்கு முற்பட்டவை; பிரித்தானியர் காலத்து வீடுகளும் 1904இன் பள்ளிவாசலும் பிற்பட்டவை. ஒரே தெருவின் அடுத்தடுத்த வீடுகள் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு தகுதி பெறும் நிலை இதனால் ஏற்பட்டது. தனிச் சின்னத்துக்கென வகுக்கப்பட்ட அளவுகோல் உயிருள்ள தெருவுக்குப் பொருந்தாது என்பதை இது உணர்த்துகின்றது.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, கட்டட அனுமதி வாயிலாக வலயக் கட்டுப்பாட்டுக்கு வழிசெய்தது. உலகளாவிய சிந்தனையும் இக்காலத்தில் மாறிவந்தது. 1976இல் யுனெஸ்கோ நைரோபியில் வெளியிட்ட பரிந்துரை, வரலாற்றுப் பகுதிகளை அவற்றின் மக்களோடும் தொழில்களோடும் சேர்த்து நோக்குமாறு வற்புறுத்தியது. 1987இல் ஐக்கோமோஸ் எனப்படும் சின்னங்கள் மற்றும் இடங்களுக்கான சர்வதேச அவை வெளியிட்ட வாஷிங்டன் பட்டயம், வரலாற்று நகரங்களின் பேணல் முதன்மையாக அந்நகர மக்களையே சார்ந்தது என்ற கருத்தை எடுத்துரைத்தது. அவ்வவையின் தலைவராகப் பின்னர் 1990 முதல் 1999 வரை பணியாற்றியவர் இலங்கைத் தொல்பொருளியலாளர் ரோலண்ட் சில்வா என்பது நினைவுகூரத்தக்கது.

1988ஆம் ஆண்டில் காலிப் பழைய நகரும் அதன் அரண்களும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பியர் அமைத்த அரண்சூழ் நகரங்களுள் சிறந்த எடுத்துக்காட்டு என்பதும், ஐரோப்பியக் கட்டடக் கலையும் தென்னாசிய மரபும் ஒன்றோடொன்று ஊடாடியமையைக் காட்டுவது என்பதும் அதற்கான நியாயங்கள். 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காலி மரபுரிமை மன்றத்தைத் தோற்றுவித்தது. தொல்பொருளியல் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை, மரபுரிமை மன்றம் எனப் பல கரங்கள் ஒரு சிறு நகரின்மேல் படிந்தன. அமெரிக்கச் சிற்றூரில் அயலவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு, இங்கு மேலிருந்து இறங்கும் ஆணையாக வந்தது. திண்ணையின் ஓட்டை மாற்ற விரும்பிய குடும்பத்தலைவன் அனுமதி நாடவேண்டியவனானான். அவ்வனுமதி விதிகளை வகுப்பதில் அவனுக்கு இருந்த பங்கு சிறிது.

5. உடைமையின் கைமாற்றம்

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. உல்லாசப் பயணிகள் மீண்டும் வரலாயினர். அவ்வாண்டிலேயே, வெளிநாட்டவர் நிலம் வாங்கும்போது செலுத்தவேண்டியிருந்த நூறு சதவீத வரி நீக்கப்பட்டது. 2004இல் அவ்வரி மீண்டும் விதிக்கப்படும்வரை திறந்திருந்த இக்குறுகிய வாயிலினூடாகக் காலிக் கோட்டையின் வீடுகள் பல வெளிநாட்டவர் உடைமையாயின. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கு நிலம் உரிமை மாற்றப்படுவதைப் பொதுவாகத் தடைசெய்தபோது, கோட்டையின் நிலச் சந்தை ஏற்கெனவே உருமாறிவிட்டது. பின்னர் வாங்கியோருள் கொழும்பின் செல்வரும் அடங்குவர் என்பதால், இதனை வெறுமனே அந்நியர் பற்றிய பிரச்சினையாகக் காண்பது பிழையாகும். இதன் அடித்தளம் வர்க்கம் சார்ந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தென்கரையைத் தாக்கியபோது ஒல்லாந்தரின் மதில் கோட்டையைக் காத்தது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் சந்தையும் கிரிக்கெற் மைதானமும் சூறையாடப்பட்டன. உயிர்கள் பல மாண்டன. மதிலுக்கு உள்ளிருந்த நிலம் பாதுகாப்பானதென்ற எண்ணம் இப்பேரழிவால் வலுப்பெற்றது. நியூ ஒரியன்ரல் ஹோட்டல் சர்வதேச ஆடம்பர விடுதியாக மாறியது. பழைய மருத்துவமனைக் கட்டடம் 2014இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. வீடுகள் விடுதிகளாயின; பலசரக்குக் கடைகள் நகைக்கடைகளாகவும் கலைப்பொருட் கடைகளாகவும் மாறின.

குடும்பங்கள் ஏன் விற்றன என்ற வினாவுக்குப் பேராசை என்று விடைகூறி அமைதல் எளிது. ஆனால் அது ஆய்வாகாது. மூன்று காரணங்கள் ஒன்றிணைந்து செயற்பட்டன. முதலாவது, பேணலின் செலவு. சுண்ணாம்புச் சாந்தும் அரைவட்ட ஓடும் நல்மரமும் சீமெந்தையும் தகரத்தையும்விட விலைகூடியவை. அவற்றைக் கையாளத் தெரிந்த கொத்தரும் தச்சரும் அருகினர். பொதுநலனுக்காக விதிக்கப்பட்ட நிபந்தனையின் செலவைத் தனிக் குடும்பம் சுமந்தது. ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில் நெதர்லாந்தின் நிதியுதவியோடு தனியார் வீடுகள் சிலவற்றின் முகப்புகளும் திண்ணைகளும் சீர்செய்யப்பட்டமை பயனுடைய முயற்சி. எனினும் உதவி ஒருமுறை வந்தது. உப்புக் காற்றோ ஆண்டுதோறும் வீசுகின்றது.

இரண்டாவது, வாரிசுரிமை. முஸ்லிம்களின் சொத்துப் பங்கீடு 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமியச் சட்டத்தைத் தழுவியது. தந்தையின் வீடு பிள்ளைகளுக்கும் ஏனைய உரித்தாளருக்கும் பின்னப் பங்குகளாகச் சேர்கின்றது. இரு தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பலர் பங்காளராவர். வலய விதிகளின்படி அவ்வீட்டைப் பிரித்துக் கட்டவோ மாடி எழுப்பவோ இயலாது. பங்கை நீதியாக வழங்குவதற்கு எஞ்சிய எளிய வழி விற்பனையே. மரபுரிமை விதியும் வாரிசுரிமைச் சட்டமும் ஒன்றையொன்று அறியாது செயற்பட்டமையின் விளைவு இது.

மூன்றாவது, விலையின் ஈர்ப்பு. அயல்வீடு விடுதியானபின், தன் வீட்டின் மதிப்பு தன் உழைப்பால் ஒருபோதும் ஈட்டவொண்ணாத தொகையாக உயர்ந்திருப்பதைச் சிறு வணிகன் காண்கின்றான். அருகிருந்த உறவினரும் பலசரக்குக் கடையும் அகன்றபின் அங்கு தங்கிவாழும் காரணமும் குறைகின்றது. விற்றவர்கள் மதிலுக்கு வெளியே புதிய வீடுகளை அமைத்தனர். தொழுகைக்காகக் கோட்டைக்குத் திரும்பி வருவோர் உளர்; ஆயினும் ஐவேளையும் அயலவரால் நிறையும் பள்ளிவாசலுக்கும், தொலைவிலிருந்து வருவோரை எதிர்நோக்கும் பள்ளிவாசலுக்கும் வேறுபாடு உண்டு.

கட்டடம் சார்ந்த அளவுகோலால் நோக்கின் இவ்வனைத்தும் வெற்றியே. வீடுகள் இடியவில்லை, கூரைகள் செப்பமாயின. உலக மரபுரிமைக் குழுவின் கவலைகளும் பெரும்பாலும் காட்சி பற்றியவையாகவே இருந்தன. கிரிக்கெற் மைதானத்தின் புதிய கட்டடங்கள் மதிலின் தோற்றத்தை மறைக்கின்றன என்பது பற்றி எழுந்த விவாதம் 2018இலும் நாட்டின் செய்தித்தாள்களை நிரப்பியது. மதில் மறைவதைக் கண்ட கண்கள், மதிலுக்குள்ளிருந்து மனிதர் மறைவதை அத்துணைக் கூர்ந்து நோக்கவில்லை.

6. மாற்று வழி இருந்ததா?

இவ்விளைவு தவிர்க்கவியலாத விதியென்று கூறுவோர்க்கு இத்தாலியின் பொலோஞா நகரம் விடையாக உள்ளது. அங்கு இடதுசாரிகளின் தலைமையிலிருந்த நகராட்சி 1969இல் பழைய நகர்ப்பகுதிக்குப் பேணற்றிட்டம் வகுத்தது. 1971ஆம் ஆண்டின் பொது வீடமைப்புச் சட்டத்தின் நிதியைப் புறநகரில் அடுக்குமாடி எழுப்பப் பயன்படுத்துவதே வழக்கம். 1973இல் பொலோஞா அந்நிதியைப் பழைய வீடுகளைச் செப்பனிடுவதற்குத் திருப்பியது. பியர் லூயிஜி செர்வெல்லாத்தி முதலிய கட்டடக் கலைஞர் இதற்குக் கருத்தளவிலும் வடிவளவிலும் துணைநின்றனர். பழைய வீடும் பழைய குடியிருப்பாளனும் ஒருசேரக் காக்கப்படல் வேண்டும் என்பது அதன் கொள்கை. உடைமைகளை அரசு சுவீகரிக்கும் முதல் எண்ணம் சிறு உடைமையாளரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, உதவிநிதி பெறும் உடைமையாளர் வாடகையைக் கட்டுப்படுத்தி முன்னைய குடியிருப்பாளரைத் தொடர்ந்து வைத்திருக்கும் ஒப்பந்தமுறை மேற்கொள்ளப்பட்டது. திட்டம் முழு வெற்றி பெற்றதெனக் கூறவியலாது. ஆயினும் பேணலும் வீடமைப்பும் ஒரே கொள்கையின் இரு கூறுகளாக இயங்கமுடியும் என்பதை அது மெய்ப்பித்தது. 1975இல் ஐரோப்பிய நாடுகள் ஒருங்கிணைந்த பேணல் என்ற கோட்பாட்டை ஏற்றபோது பொலோஞாவின் அனுபவம் அதற்கு உரமாயிற்று.

எமது நாட்டுச் சட்ட மரபிலும் இதற்கான கருவிகள் இல்லாமலில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரை வெளியேற்றத்தினின்று காத்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடுகளுக்கு உடைமையாளராகலாம் என்பதற்கு வரம்பு கட்டியது. அச்சட்டங்களின் குறைகள் தனி ஆய்வுக்குரியன. இங்கு கவனிக்கவேண்டியது, வீட்டைச் சந்தைப் பண்டமாக மட்டும் கருதாத ஒரு நோக்கு எமது சட்டசபையில் ஒருகாலத்தில் இடம்பெற்றிருந்தது என்பதாகும். மரபுரிமைச் சட்டங்கள் இயற்றப்பட்ட காலத்தில் திறந்த பொருளாதாரம் வேரூன்றியிருந்தது. அதனால் மரபுரிமை ஒருபுறமும் குடியிருப்புரிமை மறுபுறமுமாகப் பிரிந்து நின்றன.

7. முடிபு

காலிக் கோட்டையின் வரலாற்றினின்று பெறப்படும் முடிபுகள் ஏனைய நகரங்களுக்கும் பொருந்துவன. யாழ்ப்பாணத்தில் 1990இன் முற்றுகையிற் சிதைந்த ஒல்லாந்தக் கோட்டை, போர் முடிந்தபின் 2010 தொடக்கம் புனரமைக்கப்படலாயிற்று. அது வரவேற்கத்தக்கது. ஆனால் கோட்டைக்கு வெளியே, பழைய வீதிகளில் எஞ்சியுள்ள நாற்சார் வீடுகளும் திண்ணைகளும் கடைத்தொகுதிகளும் மக்கள் வாழும் மரபுரிமையாகும். அவற்றை வலயமாக்கும் கருத்து எழும் நாளில், உடைமையாளர் பலர் கடல்கடந்து வாழ்வதையும், உள்ளிருப்போர் பலர் வாடகையாளராகவும் இடம்பெயர்ந்து வந்தோராகவும் இருக்கக்கூடியதையும் கருத்திற் கொள்ளவேண்டும். காலியில் அயலவர் வாங்கியதால் நேர்ந்தது, அங்கு இல்லாத உடைமையாளர் விற்பதால் நேரலாம்.

ஆகவே எல்லைக்கோடு வரையப்படுமுன் கட்டடங்களின் பட்டியலோடு குடும்பங்களின் பட்டியலும் தயாரிக்கப்படல் வேண்டும். பொதுநலன் கருதி விதிக்கப்படும் கட்டுப்பாட்டின் செலவிற் பொதுநிதி ஆண்டுதோறும் பங்கேற்றல் வேண்டும். உல்லாசப் பயணத்தால் வரும் வருவாயின் ஒரு கூறு இதற்கென ஒதுக்கப்படலாம். வலயத்துள் வீடு விற்கப்படும்போது முதலில் வாங்கும் உரிமையை ஊராட்சிக்கு அளிக்கும் பிரெஞ்சு முறை ஆராயத்தக்கது. அவ்வாறு வாங்கப்படும் வீடுகளைப் பங்காளருள் அங்கு வாழ விரும்புவோர்க்கும் ஏனைய உள்ளூர்க் குடும்பங்களுக்கும் வாடகைக்கு அளிக்கலாம். விதிகளை வகுக்கும் குழுவில் குடியிருப்போரின் பிரதிநிதிகள் வாக்குரிமையுடன் அமரவேண்டும்.

மும்மொழிக் கல் நாட்டப்பட்ட காலந்தொட்டுக் காலியின் சிறப்பு அங்கு கூடிவாழ்ந்த பலதிறப்பட்ட மாந்தரால் விளைந்தது. அம்மாந்தர் வெளியேறியபின் எஞ்சும் சுவர்கள், எத்துணைச் செப்பமாக வெள்ளையடிக்கப்பட்டிருப்பினும், அவ்வரலாற்றின் ஒரு பாதியையே கூறும். மற்றைய பாதியைக் காக்கும் கடமை தொல்பொருளியலாளருக்கு மட்டும் உரியதன்று. அது வீடமைப்பு, வாரிசுரிமை, உள்ளூராட்சி ஆகியன பற்றிச் சிந்திக்கும் அனைவர்க்கும் பொதுவானது.